அடகுக் கடையும் நம் கடமையும்

முன்னுரை

கடலூர் முதுநகர் முதல் பரங்கிப்பேட்டை வரையிலும், சிதம்பரம் முதல் லால்பேட்டை வரையிலும் நம் சமுதாய மக்கள் செறிந்து வாழும் தெருக்கள் பல உள்ளன. அத்தகைய தெருவொன்றில் நெடுநாள் பூட்டிக் கிடந்த கடைக்கு ஒரு நாள் வெள்ளையடிக்கிறார்கள். இரும்புக் கதவு பொருத்துகிறார்கள். கனத்த பெட்டகம் ஒன்று வண்டியில் வந்து இறங்குகிறது. ‘இங்கே அடகுக் கடை வரப்போகிறதாம்’ என்னும் பேச்சு மாலைக்குள் தெரு முழுவதும் பரவிவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் பத்துப் பேர் கூடி நிற்கின்றனர். இளைஞர்கள் வட்டாட்சியருக்கு மனு எழுதுகின்றனர். முதியோர் கட்டட உரிமையாளரைத் தனியே அழைத்துப் பேசுகின்றனர். ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் மாறலாம், காட்சி மாறுவதில்லை.

இவ்வெதிர்ப்பு முறையானதா? சட்டம் இதற்கு எவ்வளவு இடம் தருகிறது? கடை வராமல் தடுத்துவிட்டால் நம் கடமை முடிந்துவிடுகிறதா? இம்மூன்று வினாக்களுக்கும் இயன்றவரை விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணையம் என்னும் பழஞ்சொல்

அடகு வைத்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. இன்று ‘அடகு’ என்றும் ‘ஈடு’ என்றும் வழங்குவதைச் சங்கச் சான்றோர் ‘பணையம்’ என்னும் சொல்லால் குறித்தனர். புறநானூற்றின் 316ஆம் பாடலில் மதுரைக் கள்ளிற் கடையத்தன் வெண்ணாகனார் ஒரு வீரனை நமக்குக் காட்டுகிறார். அவன் வீட்டு முற்றம் பெருக்கப்படாமல் கிடக்கிறது. நேற்று வந்த விருந்தினரை ஓம்புவதற்காக அவன் தன் பழைய வாளை ஈடாக வைத்துவிட்டான். இன்றைய விருந்திற்குச் சிறிய யாழைப் பணையமாக்குகிறான்.

இப்பாடலில் எம் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. வீரனுக்கு வாளும் பாணனுக்கு யாழும் வெறும் உடைமைகள் அல்ல; அவர்களுடைய வாழ்வே அவை. மனிதன் அடகு வைப்பது பெரும்பாலும் தன்னிடம் மிகையாக உள்ள பொருளை அன்று. இழக்கவே விரும்பாத பொருளையே. ஆகவேதான் விற்காமல் அடகு வைக்கிறான். ‘மீட்டுவிடுவோம்’ என்னும் நம்பிக்கையே அடகின் அடித்தளம். அந்நம்பிக்கையை வாணிகமாக்குவதே அடகுக் கடை.

மார்க்கம் மறுப்பது எதனை?

அடகு வைப்பதையே இஸ்லாம் விலக்கியிருக்கிறது என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். இஃது உண்மையன்று. பயணத்தில் எழுதுவோர் கிடைக்காதவிடத்து ஈட்டுப்பொருளைக் கைப்பற்றிக் கடன் கொடுக்கலாம் என்பதைத் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்து 283ஆம் வசனத்தால் அறிகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தம் குடும்பத்தாரின் உணவுக்காக மதீனாவில் யூதர் ஒருவரிடம் வாற்கோதுமை பெற்றுத் தம் போர்க்கவசத்தை ஈடாக வைத்திருந்தார்கள் என்பதும், அவர்கள் மறைந்தபோது அக்கவசம் மீட்கப்படாமலே இருந்தது என்பதும் நம்பகமான நபிமொழிகளால் பெறப்படும் செய்திகள்.

எனவே மறுக்கப்பட்டது அடகு அன்று; அதனோடு ஒட்டி வரும் வட்டியே. வாணிகத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கிய அதே அத்தியாயம், கடன்பட்டவர் இடர்ப்பாட்டில் இருப்பாராயின் வசதி வரும்வரை அவருக்குத் தவணை தருமாறும், விட்டுக்கொடுத்தல் இன்னும் சிறந்தது என்றும் அறிவுறுத்துகிறது. ஈடாகப் பெற்ற பொருள் கடன் கொடுத்தவர் கையில் அமானிதம் ஆகும். வேறு வழியின்றி அதனை விற்க நேர்ந்தால் கடன் போக மிஞ்சியது உடையவருக்கே உரியது.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. நம் இல்லங்களில் அடகுக்குப் போகும் பொன் பெரும்பாலும் பெண்ணின் பொன்னே ஆகும். மஹராக வந்த நகையும், தாய்வீட்டார் அளித்த நகையும் மார்க்கத்தின்படி அவளுக்கே உரியவை. வீட்டின் முடை தீர்க்க முதலில் கழல்வது அவள் கை வளையல். இறுதியில் கழல்வது கருகமணியில் கோத்த பொன். கடையை எதிர்த்து முற்றத்தில் கூடும் ஆடவர், அந்நகையைக் கழற்றியபோது அவளிடம் இசைவு கேட்டோமா என்று தம்மையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுதல் நலம்.

கடையின் கணக்கு

அடகு பிடிப்போர் நகையை உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்ப்பர். கல்லும் அரக்கும் இருப்பின் அவற்றின் எடையைக் கழிப்பர். எஞ்சிய பொன்னின் மதிப்பில் ஒரு பகுதியைக் கடனாகத் தந்து அடகுச் சீட்டு எழுதுவர். ‘இரண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று பொருள். சொல்லும்போது அது சிறிதாகவே தோன்றும். ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு இருபத்து நான்கு ஆகிறது. எடுத்துக்காட்டாக, 30,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 600 ரூபாய். ஆண்டுக்கு 7,200 ரூபாய். வட்டியை மட்டும் கட்டிச் சீட்டை மாற்றி எழுதிக்கொண்டே மூன்றாண்டு ஓட்டியவர் 21,600 ரூபாய் செலுத்தியிருப்பார். முதல் 30,000 அப்படியே நிற்கும். அதற்குப் பின்னும் தவணை தப்பினால் நகை ‘மூழ்கிவிட்டது’ என்பர். நம் மக்கள் வழக்கில் இதனினும் பொருத்தமான சொல் இல்லை.

நம் வட்டாரத்தில் கடன் எழும் காலங்களும் ஏறத்தாழ அறிந்தவையே. ஜூனில் பள்ளி, கல்லூரிக் கட்டணம். வீராணத்துப் பாசன ஊர்களில் சம்பா நடவுச் செலவு. திருமணமும் மருத்துவமும் எக்காலத்தும். இவற்றோடு இயற்கையும் சேர்ந்துகொள்கிறது. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30இல் கரையைக் கடந்த தானே புயல், 2015 இறுதியில் வந்த பெருவெள்ளம் ஆகிய மூன்றும் கடலூர் மாவட்டத்தை அடுத்தடுத்துத் தாக்கின. வலையும் படகும் முந்திரித் தோப்பும் போனபின் ஒரு குடும்பத்தில் எஞ்சுவது பெண்ணின் காதிலும் கையிலும் உள்ள பொன் மட்டுமே. கடைகள் நம் தெருவைத் தேடி வருவதன் காரணம் இத்தேவையே.

எம் இல்லத்து நிகழ்ச்சி

யாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்ற காலத்தில் எம் தந்தையாருக்குத் தொழில் இல்லை. கட்டணம் செலுத்த வேண்டிய கடைசி நாளுக்கு முதல் நாள் எம் அன்னையார் நான்கு பவுன் எடையுள்ள தம் இரு வளையல்களையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, “வாப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்” என்று மட்டும் கூறி, எம்மையும் உடன் அழைத்துப் பேருந்தேறினார். எங்கள் முஹல்லாவில் அந்நாளில் அடகுக் கடை இல்லை. பெரியோர் வரவிடவில்லை, அது குறித்து எங்கள் ஊருக்குப் பெருமையும் உண்டு. கடை இல்லாமையால் அன்னையார் அடகு வைக்காமல் இருந்துவிடவில்லை. பேருந்துக் கட்டணம் மட்டுமே கூடுதலாயிற்று.

பெற்ற கடன் 12,000 ரூபாய், வட்டி மூன்று. ஓராண்டு வட்டி 4,320 ஆகி, மீட்கத் தேவைப்பட்ட தொகை 16,320 ரூபாய். அதனை எங்களால் திரட்ட இயலவில்லை. தவணை கடந்தது, வளையல்கள் மூழ்கின. அன்றைய விலைக்கு அந்நான்கு பவுன் அத்தொகையினும் மிகுதியாகவே பெறும். விற்றதில் மிஞ்சிய பணம் எங்களுக்கு உரியது என்பதை அந்நாளில் யாம் அறிந்திலோம், கடைக்காரரும் கூறவில்லை. தமிழில் பட்டம் பெற்ற மகன் உடன் இருந்தும், அச்சீட்டின் பின்புறம் அச்சிட்டிருந்த நிபந்தனைகளைப் படித்துப் பார்க்கவில்லை. எம் கல்வியின் குறையாக இதனை இன்றும் கருதுகிறோம்.

சட்டத்தின் எல்லை

அடகுக் கடைகளை ஒழுங்குபடுத்தச் சென்னை மாகாணத்தில் 1943ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று அது தமிழ்நாடு அடகு பிடிப்போர் சட்டம் எனப்படுகிறது. இதன்படி உரிமம் பெறாமல் எவரும் அடகுத் தொழில் நடத்தலாகாது. அரசு வரையறுக்கும் வட்டிக்கு மேல் வாங்கலாகாது. கணக்கேடு வைத்தலும் அடகுச் சீட்டு வழங்குதலும் கட்டாயம். மீட்பதற்குரிய காலம் ஓராண்டும் ஏழு நாளும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 176ஆம் பிரிவு, ஈட்டை விற்ற தொகையில் கடன் போக மிஞ்சியதை உடையவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று தெளிவாகக் கூறுகிறது. மேலும் 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு அதீத வட்டி வசூலித்தலைத் தடை செய்யும் சட்டத்தையும் இயற்றியுள்ளது.

ஆனால் ‘எங்கள் தெருவில் கடை வேண்டாம்’ என்பது மட்டுமே உரிமத்தை மறுக்கப் போதிய காரணம் ஆகாது. விண்ணப்பிப்பவரின் நன்னடத்தைக்குச் சான்று இல்லாமை, கடையிருக்கும் இடம் திருடரும் தீயோரும் நடமாடும் இடமாய் இருத்தல், சட்ட விதிகளைப் பின்பற்றாமை போன்ற சில காரணங்களையே சட்டம் ஏற்கிறது. மக்களின் மார்க்க உணர்வு அவற்றுள் ஒன்றன்று.

நிலைமை இன்று மேலும் மாறியுள்ளது. இக்காலத்தில் தெருமுனைகளில் திறக்கப்படுபவை பெரும்பாலும் தனியொருவர் கடைகள் அல்ல. இந்திய ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களின் கிளைகள். அவ்வாறு பதிவு பெற்ற நிறுவனங்களை மாநிலங்களின் வட்டித்தொழில் சட்டங்கள் கட்டுப்படுத்தா என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 10 அன்று தீர்ப்பளித்தது. எனவே வட்டாட்சியரிடம் தரும் மனு இத்தகைய கிளையைத் தடுத்துவிடாது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளில் கடன் பெறுவோருக்குப் பயன்படுவன சில உண்டு. கடனை முழுதும் அடைத்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் தவற்றால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இவற்றை நம் பெண்களுக்கு எடுத்துரைத்தால் மனுவினும் மிகுந்த பயன் விளையும்.

சட்டம் கைகொடாதவிடத்து எஞ்சுவது ஊராரின் இணக்கம் ஒன்றே. கட்டட உரிமையாளர் தாமே மனம் ஒப்பி இடம் தர மறுக்கலாம். அஃது அவர் உரிமை. மிரட்டலும் ஊர்விலக்கும் முறையாகா. கடை நடத்துவோர் பிற மாநிலத்தாராகவோ பிற சமயத்தாராகவோ இருப்பதனால் அவர்கள்மேல் பகை வளர்ப்பது அதனினும் பிழை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கவசத்தை ஈடு வைத்தது பிற சமயத்தார் ஒருவரிடமே என்பதை இவ்விடத்து நினைவிற் கொள்வோமாக.

மறுத்தபின் மாற்றுக் கண்டோர்

வட்டிக்கடையை வெறுத்த சமுதாயங்கள் உலகில் பல. அவற்றுள் சில வெறுப்போடு நின்றன. சில மாற்றுக் கண்டன.

இத்தாலி நாட்டில் பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவியர் வட்டிக்கு எதிராகத் தெருத்தெருவாகச் சொற்பொழிவாற்றினர். அவர்கள் பேச்சோடு நில்லாமல் 1462இல் பெருஜியா நகரில் ‘இரக்கத்தின் குன்று’ எனப் பொருள்படும் பெயரில் ஓர் அறநிதியை ஏற்படுத்தினர். நன்கொடையால் திரண்ட பணத்திலிருந்து ஏழைகளுக்கு அடகின் பேரில் சிறுகடன் வழங்கப்பட்டது. எழுத்தருக்கும் காவலருக்கும் ஊதியம் எவ்வாறு தருவது என்னும் வினா எழுந்தது. சிறு கட்டணம் வாங்கினால் அதுவும் வட்டியே என்று மற்றொரு சாரார் வாதிட்டனர். ஐம்பதாண்டு நடந்த வழக்கு, நிருவாகச் செலவுக்கு மட்டும் மிதமான கட்டணம் பெறலாம் என்று போப் பத்தாம் லியோ 1515இல் அறிவித்ததனால் ஓய்ந்தது. இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. அத்துறவியருள் சிலரது பேச்சு வட்டியைத் தாண்டி யூத மக்கள்மீதே வெறுப்பை மூட்டியது. பெல்த்ரே நகரப் பெர்னார்தினோ என்பாரின் பேச்சால் கலகம் எழவே, 1488இல் புளோரன்சு நகர ஆட்சியாளர் அவரை வெளியேற்றினர். அவர்களின் நிதியை நாம் கற்கலாம். அவர்களின் பகையை அன்று.

நம் நாட்டில் 1875ஆம் ஆண்டு மே மாதம் புனே மாவட்டத்துச் சூபா என்னும் ஊரில் உழவர்கள் திரண்டு வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களைக் கொளுத்தினர். கலகம் பல ஊர்களுக்குப் பரவியது. 1879இல் உழவர் நிவாரணச் சட்டமும் வந்தது. எனினும் பத்திரம் எரிந்ததனால் அடுத்த விதைப்புக்குப் பணம் வந்துவிடவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடியவருள் ஒருவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரடெரிக் நிக்கல்சன். 1895லும் 1897லும் வெளிவந்த அவரது அறிக்கை ஐரோப்பியக் கூட்டுறவுச் சங்கங்களையும் நம் தமிழகத்து நிதிகளையும் ஆராய்ந்து, கூட்டுறவுக் கடன் சங்கங்களே தீர்வு என முடிவு கூறியது. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு அவ்வறிக்கை வழிவகுத்தது. இன்று நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களில் நகைக்கடன் பெறுவோர் அதன் பயனைத் துய்ப்பவரே.

முஸ்லிம்கள் கண்ட மாற்றுகளும் உண்டு. உத்தரப் பிரதேசத்துத் தேவ்பந்தில் 1961இல் ‘முஸ்லிம் பண்டு’ தொடங்கப்பட்டது. மக்கள் வட்டி கருதாது தம் சேமிப்பை அங்கு வைத்தனர். நகையை ஈடாகப் பெற்று வட்டியில்லாக் கடன் வழங்கப்பட்டது. கடன் விண்ணப்பத் தாளுக்குப் பெற்ற விலையால் நிருவாகச் செலவு ஈடுசெய்யப்பட்டது. தாளின் விலை கடன் தொகைக்கேற்ப உயர்வது முறையா என்னும் வாதம் அங்கும் எழுந்தது. மலேசியாவில் சீனர் அடகுக் கடைகளுக்கு மாற்றாக 1992இல் திரங்கானுவிலும் கிளந்தானிலும் ‘அர்ரஹ்னு’ என்னும் இஸ்லாமிய அடகு நிலையங்கள் தோன்றின. அங்கே கடனுக்கு வட்டி இல்லை. நகையைப் பாதுகாப்பதற்குக் கூலி மட்டும் உண்டு.

நாம் செய்யத்தக்கவை

நம் ஜமாஅத்துகள் பலவற்றில் பைத்துல்மால் நடைபெறுகிறது. அதன் கைப்பொருளில் ஒரு பகுதியை அழகிய கடனுக்கென ஒதுக்கலாம். நூறு குடும்பங்கள் ஆளுக்கு 5,000 ரூபாய் நன்கொடையளித்தால் ஐந்து இலட்சம் சேரும். ஆளுக்குப் பத்தாயிரமாக ஐம்பது பேருக்கு அது பயன்படும். மாதந்தோறும் ஆயிரம் ரூபாயாகத் திரும்பி வந்தால் பத்து மாதத்தில் மீண்டும் ஐம்பது பேருக்கு உதவும். ஈடாக வரும் நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்தல், மாற்றுப் பார்க்க நேர்மையான பொற்கொல்லரை அமர்த்தல், பெறுவோர் பெயரை மறைவாகக் காத்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. பெயர் வெளிப்படுமாயின் பெண்கள் பழையபடி அயலூர்ப் பேருந்தையே நாடுவர்.

எச்சரிக்கை ஒன்றும் கூற வேண்டியுள்ளது. ‘வட்டியில்லாதது’, ‘ஹலாலானது’ என்னும் பெயர்ப் பலகை மட்டும் நேர்மைக்குச் சான்று ஆகாது. பெங்களூரில் ஹலால் முதலீடு என்று கூறிப் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019இல் வீழ்ந்தபோது பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் தம் சேமிப்பை இழந்தன. அதே 2019இல் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் நடுவணரசால் இயற்றப்பட்டது. எனவே நல்லெண்ணம் ஒன்றையே நம்பி ஊராரிடம் வைப்புத்தொகை வாங்குதல் கூடாது. நன்கொடை நிதியாக நடத்துவதா, கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்வதா என்பதையும், ஈட்டின்மேல் கடன் தர உரிமம் தேவையா என்பதையும் சட்டம் அறிந்தோரைக் கலந்து தொடங்க வேண்டும். கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்து பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. அடகுச் சீட்டைப் படித்துக் காட்டுதல், வட்டியை ஆண்டுக் கணக்கில் பெருக்கிக் கூறுதல், மீட்புக் கெடுவை நினைவூட்டுதல், ஏலத்தில் மிஞ்சிய தொகையைக் கேட்டு விண்ணப்பம் எழுதித் தருதல் ஆகியவை எந்த முதலும் இன்றிச் செய்யத்தக்க தொண்டு. கற்ற தமிழ் இதற்கும் பயன்படட்டும்.

நிறைவுரை

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், தம்மை ஆதரித்த வள்ளல் சீதக்காதி மறைந்தபின் வேறு துணை தேடி நின்றபோது அவரை ஏற்றவர் நம் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் என்பது இலக்கிய வரலாறு கூறும் செய்தி. புலவரின் இடருக்குத் தோள் கொடுத்த கடற்கரை இது. ஓர் ஏழைத் தாயின் இடருக்கும் இது தோள் கொடுக்கும் என நம்புகிறோம்.

முஹல்லாவில் அடகுக் கடை வேண்டாம் என்பது நேரிய விருப்பமே. அதனை அமைதியாகவும் சட்டத்திற்கு உட்பட்டும் எடுத்துரைப்பதில் தவறில்லை. ஆனால் அது பாதிக் கடமையே. கடைக் கதவை அடைக்கக் கூடும் கைகள் அடுத்த வெள்ளிக்கிழமையே ஒரு நிதிப் பெட்டியைத் திறக்கவும் கூடுதல் வேண்டும். எம் அன்னையாரின் கைகளில் மீண்டும் பொன்வளையல் ஏறவில்லை. கண்ணாடி வளையலே போதும் என்று இருந்துவிட்டார். அவர் சென்ற பேருந்தில் இனி வேறொரு தாய் ஏறாதிருக்க வழி செய்தால், அதுவே நம் எதிர்ப்பின் வெற்றியாகும்.